பேருக்குக் கொடுத்த நாற்காலி: அமெரிக்க இளைஞர் திட்டத்துல மேரி பெத்தூன் வேலை பார்த்த விதம்

கவர்மென்ட்ல ஒரு பழக்கம் உண்டு. ஒரு சமூகம் ரொம்ப நாளா எங்க பங்கு எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தா, அந்த சமூகத்துல இருந்தே ஒருத்தரைக் கூப்பிட்டு ஆலோசகர்னு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்துருவாங்க, ரூம் இருக்கும், வாசல்ல போர்டு இருக்கும், ஆனா ஃபைல் மட்டும் அந்தப் பக்கம் வராது. 1930கள்ல அமெரிக்காவுல கறுப்பின மக்களுக்காக இப்படிப் பல ஆபீஸ்ல நாற்காலி போட்டாங்க. அதுல ஒண்ணுல வந்து உக்காந்தவங்க மேரி மெக்லியோட் பெத்தூன், தேசிய இளைஞர் நிர்வாகம்ங்கிற அமைப்புல. அவங்களைப் பத்தி எழுதுறவங்க பெரும்பாலும் அவங்க நடத்தின ஸ்கூலைப் பத்தியும் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் குடும்பத்தோட இருந்த நட்பைப் பத்தியும் எழுதிட்டு, இந்த ஆபீஸ் வேலையை ரெண்டு வரியில தாண்டிடுறாங்க. எனக்கு என்னவோ இதுதான் அவங்க செஞ்சதுலயே கஷ்டமான வேலைன்னு தோணுது, ஏன்னா உத்தரவு போடற அதிகாரம் இல்லாத ஒரு பதவியை வச்சுக்கிட்டு லட்சக்கணக்கான பசங்களுக்குப் பணம் போய்ச் சேர வைக்கணும்.

மொதல்ல அந்தக் காலம். 1929ல பங்குச்சந்தை விழுந்து, பேங்க் மூடி, ஃபேக்டரி மூடி, படிச்சு முடிச்ச பசங்க ஊர் ஊரா சரக்கு ரயில்ல தொத்திக்கிட்டு வேலை தேடி அலைஞ்ச காலம். 1933ல பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஜனாதிபதியா வந்ததும் ஆரம்பிச்ச மொதல் இளைஞர் திட்டம், காட்டுல மரம் நடவும் ரோடு போடவும் பசங்களை முகாம்ல தங்க வச்சு வேலை கொடுக்கற சிவிலியன் கன்சர்வேஷன் கோர். மாசம் 30 டாலர் சம்பளம், அதுல 25 டாலர் நேரா வீட்டுக்குப் போயிடும். அப்போ நாடாளுமன்றத்துல இருந்த ஒரே கறுப்பின உறுப்பினர் ஆஸ்கர் டி பிரீஸ்ட் போராடி, ஆள் எடுக்கும்போது இனம், நிறம், மதம் பார்க்கக்கூடாதுன்னு சட்டத்துலயே ஒரு வரி சேர்க்க வச்சார். சட்டத்துல இருந்து என்ன, ஆள் எடுக்கறது லோக்கல் ஆளுங்க கையில. தெற்குல ஜார்ஜியா மாநிலத்துல கறுப்பின மக்களே அதிகமா இருந்த ஒரு கவுண்டியில (நம்ம மாவட்டம் மாதிரி) ஆரம்பத்துல ஒருத்தரைக்கூட எடுக்கல, கேட்டதுக்கு இப்போ பருத்தி களை வெட்டற சீசன், அவங்க இங்கதான் இருக்கணும்னு பதில் வந்துச்சு. 1935ல அந்தத் திட்டத்தோட டைரக்டர் ராபர்ட் ஃபெக்னர் முகாம்களை இன வாரியாப் பிரிக்கச் சொல்லியே உத்தரவு போட்டுட்டார். அங்கயும் எட்கர் பிரவுன்னு ஒரு கறுப்பின ஆலோசகர் இருந்தார், ஆனா மேல இருக்கறவர் காது கொடுக்கலன்னா ஆலோசகர் என்ன பண்ண முடியும்.

இதை ஏன் இவ்ளோ சொல்றேன்னா, தேசிய இளைஞர் நிர்வாகம் பொறந்தது அதே 1935ல, ஜூன் 26. அதே ஜனாதிபதி, அதே நாடு, அதே தென் மாநிலங்கள். ஆனா கதை வேற மாதிரி போச்சு.

இந்தத் திட்டம் எப்படி நடந்துச்சுன்னா, வீட்ல கஷ்டம்னு படிப்பை விட்டுடாம இருக்கறதுக்காக ஸ்கூல் காலேஜ் பசங்களுக்கு அங்கயே பார்ட் டைம் வேலை கொடுப்பாங்க, லைப்ரரில புத்தகம் அடுக்கறது, லேப் கழுவி வைக்கறது, டைப் அடிக்கறது, கட்டடம் ரிப்பேர் பண்றதுன்னு. ஹைஸ்கூல் பசங்களுக்கு மாசம் அதிகபட்சம் 6 டாலர், காலேஜ்ல சராசரியா 15 டாலர், மேற்படிப்புக்கு அதைவிட அதிகம். படிப்பை ஏற்கனவே விட்டவங்களுக்குத் தனியா வேலையும் பயிற்சியும். தலைவரா வந்தவர் ஆப்ரி வில்லியம்ஸ், அலபாமாவுல ஏழைக் குடும்பத்துல பொறந்த வெள்ளைக்காரர், தென் மாநிலத்துக்காரரா இருந்தும் இன சமத்துவத்துல அசையாத நம்பிக்கை உள்ளவர். ஃபெக்னர் மாதிரி ஒருத்தர் அந்த இடத்துல இருந்திருந்தா பெத்தூனால பாதி வேலைகூடப் பண்ணியிருக்க முடியாது, அதை நேர்மையா ஒத்துக்கணும்.

பெத்தூன் 1875 ஜூலை 10ல தென் கரோலினாவுல மேய்ஸ்வில்ங்கிற ஊர்ப்பக்கம் பொறந்தவங்க, 17 பிள்ளைங்கள்ல 15வது. அப்பா அம்மா ரெண்டு பேருமே அடிமையா இருந்து விடுதலை ஆனவங்க. சின்ன வயசுல பருத்தி எடுத்தவங்க. ஒரு தடவை அம்மா வேலை பார்த்த வெள்ளைக்காரங்க வீட்டுக்குப் போனப்போ அங்க கிடந்த ஒரு புத்தகத்தை எடுத்துப் பார்க்க, அந்த வீட்டுப் பொண்ணு கீழ வை, உனக்குப் படிக்கத் தெரியாதுன்னு சொல்லிருச்சாம், அது மனசுல தச்சுதுன்னு அவங்க வாழ்நாள் பூரா சொல்லிட்டு இருந்தாங்க. படிச்சு, ஆப்பிரிக்காவுக்கு மிஷனரியாப் போகணும்னு கேட்டு, அங்க கறுப்பினத்தவருக்கு இடம் இல்லன்னு பதில் வாங்கி, டீச்சராகி, 1904 அக்டோபர்ல ஃபுளோரிடாவுல டேடோனாங்கிற ஊர்ல கையில ஒன்றரை டாலரை வச்சுக்கிட்டு அஞ்சு பொண்ணுங்களோட ஒரு ஸ்கூல் ஆரம்பிச்சாங்க. தூக்கிப் போட்ட பெட்டிதான் பெஞ்ச், எரிஞ்ச கட்டை பென்சில், எல்டர்பெர்ரி பழத்தைப் பிழிஞ்சு மை. சர்க்கரைவள்ளிக் கிழங்குல பைங்கிற (pie) இனிப்புப் பண்டம் செஞ்சு கட்டடத் தொழிலாளிங்களுக்கு வித்து அந்தக் காசுல ஒரு குப்பைமேட்டை வாங்கிக் கட்டடம் எழுப்பினாங்க. 1923ல அது குக்மன்ங்கிற இன்னொரு கல்வி நிறுவனத்தோட சேர்ந்து பின்னாடி பெத்தூன்-குக்மன் காலேஜ் ஆச்சு. அதாவது வாஷிங்டனுக்கு வர்றதுக்கு முன்னாடியே முப்பது வருஷம் பணக்காரங்க வாசல்ல நின்னு, மூஞ்சி சுளிக்காம, குரல் உயர்த்தாம, கேட்டதை வாங்கிட்டு வந்து பழகின ஆளு. அந்தப் பழக்கம்தான் அடுத்து உதவுச்சு.

பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டோட மனைவி எலினோரோட அறிமுகம் 1927ல ஒரு விருந்துல. வந்திருந்த பெண் தலைவர்கள்ல பெத்தூன் மட்டும்தான் கறுப்பினம், மேஜைகிட்ட போனதும் யாரு அவங்க பக்கத்துல உக்காருறதுன்னு தென் மாநிலப் பெண்கள் மத்தியில ஒரு தயக்கம், அதைப் பார்த்த எலினோரோட மாமியார் சாரா பெத்தூன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் முக்கியமான இடத்துல உக்கார வச்சாங்க. எலினோரோட அந்த நட்பு கடைசி வரைக்கும் இருந்துச்சு.

1935ல இளைஞர் நிர்வாகத்தோட தேசிய ஆலோசனைக் குழுவுல பெத்தூனைப் போட்டாங்க. அடுத்த வருஷம் அந்தக் குழு ஜனாதிபதியைப் பார்த்தப்போ பெத்தூன் தன் முறை வந்ததும் ரிப்போர்ட்டைத் தாண்டிப் பேசினாங்க, தெற்குல ஒரு கறுப்பினக் குடும்பத்துக்கு மாசம் 15, 20 டாலர் செக்னா அது உயிரைக் காப்பாத்தற விஷயம்னு. ரூஸ்வெல்ட் கலங்கிப் போனார்னு சொல்றாங்க. கொஞ்ச நாள்ல வில்லியம்ஸ் கூப்பிட்டு, கறுப்பின இளைஞர்களுக்குன்னு ஒரு ஆபீஸ் திறக்கப் போறோம், நீங்கதான் பார்க்கணும்னு சொன்னார். காலேஜை விட்டுட்டு எப்படி வர்றதுன்னு அவங்க முதல்ல தயங்கினாங்க. 1936 ஜூன்ல சேர்ந்தாங்க, அறுபது வயசு முடிஞ்சு அறுபத்தொண்ணு ஆரம்பிக்கப் போற நேரம், கூடவே ஆஸ்துமா. 1939ல அந்த ஆபீஸ் முறையா ஒரு தனிப் பிரிவு ஆகி அவங்க அதோட டைரக்டர் ஆனாங்க. மத்திய அரசுல ஒரு பிரிவுக்குத் தலைமை தாங்கின முதல் கறுப்பினப் பெண் அவங்கதான்.

இப்போ சிக்கல் என்னன்னா, திட்டத்தோட பணம் வாஷிங்டன்ல இருந்து மாநில டைரக்டருக்குப் போகும், யாருக்கு எவ்ளோன்னு பிரிக்கறது அவர். மாநில டைரக்டர் பெத்தூனுக்குக் கீழ வேலை செய்யல, நேரா தலைவருக்குக் கீழ. இவங்க கடிதம் எழுதலாம், புள்ளிவிவரம் கேட்கலாம், போய்ப் பார்க்கலாம், அவ்வளவுதான். டெக்சாஸ் மாநில டைரக்டர் யாருன்னா லிண்டன் ஜான்சன், பின்னாடி ஜனாதிபதி ஆனாரே அவரேதான், அப்போ 26 வயசு. மாநில ஆலோசனைக் குழுவுல ஒரு கறுப்பினத்தவரைப் போடுங்கன்னு வாஷிங்டன் சொன்னப்போ முடியாதுன்னுட்டார், போட்டா மத்த உறுப்பினர்கள் எல்லாம் ராஜினாமா பண்ணிடுவாங்கன்னார். அதுக்குப் பதிலா கறுப்பினத்தவருக்குத் தனியா ஒரு குழு வச்சுக்கிட்டார், கறுப்பினக் கல்லூரிகளுக்குப் பணம் போறதுல மட்டும் அக்கறை காட்டினார். அந்த அளவுக்குச் செஞ்சவரையே தெற்குல நல்ல டைரக்டர்னு எண்ணணும், அப்படின்னா மத்த இடம் எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

பெத்தூன் ஆபீஸ்ல உக்காந்து சுற்றறிக்கை விடல. ரயில் ஏறிட்டாங்க. தெற்குல கறுப்பினத்தவருக்குன்னு ஒதுக்கின பெட்டியில, ஆஸ்துமாவோட, பல ஆயிரம் மைல். போற ஊர்ல வெள்ளைக்கார மாநில டைரக்டரைப் பார்த்து மனசார வாழ்த்திப் பேசுவாங்க, நீங்க எவ்ளோ நல்லது செய்றீங்க, இன்னும் இவ்ளோ செய்யலாமேன்னு கேட்பாங்க, அங்கிருந்து கிளம்பி கறுப்பின சர்ச்ல போய் ஜனங்களை உக்கார வச்சு இந்தத் திட்டம் உங்களுக்கும்தான், விண்ணப்பம் போடுங்க, கொடுக்கலன்னா எங்களுக்கு எழுதுங்கன்னு சொல்லுவாங்க. கீழ இருந்து புகார் வரும், அதை வில்லியம்ஸ் மேஜைக்குக் கொண்டு போவாங்க, அவர் அழுத்தம் கொடுப்பார், அதுக்கும் நகரலன்னா எலினோர் வழியா வெள்ளை மாளிகைக்கே போகும். இவங்களோட அடுத்த கோரிக்கை, மாநில ஆபீஸ்லயே சம்பளத்தோட கறுப்பின உதவியாளர்களைப் போடணும்ங்கிறது, ஏன்னா விண்ணப்பத்தைக் கையில வாங்கற இடத்துல ஆள் இல்லாம வாஷிங்டன்ல இருந்து எதையும் சரி பண்ண முடியாது. கொஞ்சம் கொஞ்சமா இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள்ல அப்படி ஆள் போட்டாங்க. எனக்கு அவங்க பேச்சுகளைவிட இந்த வேலைதான் பெருசாத் தெரியுது.

அவங்க கையெழுத்துல நேரா பணம் போன இடம் ஒண்ணே ஒண்ணு, மேற்படிப்புக்கான தனி நிதி. இதுக்குப் பின்னாடி ஒரு பெரிய அநியாயம் இருக்கு. அப்போ தென் மாநிலங்கள்ல ஒரு கறுப்பின மாணவர் பி.எச்.டி படிக்க ஒரு இடம்கூடக் கிடையாது. அரசு பல்கலைக்கழகம் சேர்க்காது, கறுப்பினக் கல்லூரிகள்ல அந்தப் படிப்பு கிடையாது. படிக்கணும்னா வடக்க சிகாகோ, நியூயார்க்னு போகணும், அங்க ஃபீஸும் அதிகம், தங்கற செலவும் அதிகம். இளைஞர் நிர்வாகத்தோட சாதாரண நிதி காலேஜ் வாரியாப் பிரிச்சுக் கொடுக்கறது, வடக்க இருக்கற வெள்ளைக்காரப் பல்கலைக்கழகத்துக்குப் போற ஒதுக்கீட்டுல தெற்குல இருந்து வர்ற கறுப்பின மாணவருக்கு எவ்ளோ மிஞ்சும்? அதனால இவங்களுக்குன்னு தனியா ஒரு தொகை ஒதுக்கணும், அதைப் பிரிக்கறது என் பிரிவா இருக்கணும்னு பெத்தூன் நின்னு வாங்கினாங்க. 1936ல இருந்து 1943 வரைக்கும் அந்த நிதியில இருந்து 6 லட்சம் டாலருக்கு மேல போச்சு, 4,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் படிச்சாங்க. மத்திய அரசுப் பணத்தை ஒரு கறுப்பின அதிகாரி தன் பொறுப்புல பிரிச்சுக் கொடுக்கறது அந்தக் காலத்துல நினைச்சுப் பார்க்காத விஷயம். மத்தவங்களுக்கு இல்லாத தனிச் சலுகையான்னு எதிர்ப்பும் இருந்துச்சு. நடுவுல 1938 டிசம்பர்ல, லாயிட் கெய்ன்ஸ்ங்கிற மாணவரோட வழக்குல, வெள்ளை மாணவருக்குச் சட்டக் கல்லூரி நடத்தற மிசூரி மாநிலம் கறுப்பின மாணவருக்கும் மாநிலத்துக்குள்ளயே வழி பண்ணணும், வெளி மாநிலத்துக்குப் போ ஃபீஸ் தர்றோம்னு சொல்லித் தப்பிக்க முடியாதுன்னு உச்சநீதிமன்றம் சொல்லுச்சு. ஆனா தீர்ப்பு நடைமுறைக்கு வர்ற வரைக்கும் ஒரு மாணவன் காத்துட்டு இருக்க முடியுமா, அவனுக்கு இந்த வருஷ ஃபீஸ் இந்த வருஷமே கட்டணும். அந்த இடைவெளியை நிரப்பினது இந்த நிதி.

இன்னொரு பக்கம், தனித்தனி ஆபீஸ்ல தனித்தனியா உக்காந்திருந்த மத்த கறுப்பின ஆலோசகர்களை எல்லாம் 1936 ஆகஸ்ட்ல தன் வீட்டுக்குக் கூப்பிட்டு ஒண்ணு சேர்த்தாங்க. அதுக்கப்புறம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடறது வழக்கமாச்சு. ஹார்வர்டுல படிச்ச பொருளாதார நிபுணர் ராபர்ட் வீவர், வக்கீல் வில்லியம் ஹேஸ்டி, எட்கர் பிரவுன்னு பெரும்பாலும் சின்ன வயசுக்காரங்க, விஷயம் தெரிஞ்சவங்க, ஆனா ஜனாதிபதி வீட்டுக் கதவைத் தட்டக்கூடிய ஆள் பெத்தூன் மட்டும்தான். பத்திரிகைகள் இதைக் கறுப்பின அமைச்சரவைன்னு எழுதுச்சு. 1937 ஜனவரியில தொழிலாளர் துறையோட அரங்கத்துலயே, இளைஞர் நிர்வாகத்தோட பேர்ல, கறுப்பின மக்களோட பிரச்சினைகள் பத்தி மூணு நாள் தேசிய மாநாடு நடத்தினாங்க, எலினோரும் வந்து பேசினாங்க. அடிச்சுக் கொல்ற கும்பல் கொலைக்கு எதிரா மத்தியச் சட்டம், ஓட்டுரிமை, அரசு வேலைன்னு கேட்டு ஒரு அறிக்கை ஜனாதிபதி கைக்குப் போச்சு. அந்தச் சட்டம் ரூஸ்வெல்ட் காலத்துல வரவே இல்ல, தெற்கு செனட்டர்களைப் பகைச்சுக்க அவர் தயாரா இல்ல. பெத்தூனுக்கு அது தெரியும், தெரிஞ்சும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

1938 நவம்பர்ல அலபாமாவுல பர்மிங்ஹாம் நகரத்துல தென் மாநில மக்கள் நல மாநாடு நடந்துச்சு. போலீஸ் பொறுப்புல இருந்த புல் கானர், இருபது இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு குழந்தைங்க மேல நாயையும் தண்ணிக் குழாயையும் ஏவி விட்டாரே அதே ஆளு, வெள்ளை ஒரு பக்கம் கறுப்பு ஒரு பக்கம் உக்காரணும்னு போலீஸை நிறுத்திட்டார். எலினோர் நாற்காலியை நடுவுல போட்டு உக்காந்தது எல்லாரும் சொல்ற கதை. அதே மாநாட்டுல நடந்த இன்னொண்ணு எனக்கு அதைவிட முக்கியம். மேடையில தலைமை தாங்கினவங்க பெத்தூனைப் பார்த்து, மேரி, மேடைக்கு வர்றியான்னு கூப்பிட்டாங்க. பெத்தூன் எழுந்து நின்னு, என் பேரு மிஸஸ் பெத்தூன்னு சொன்னாங்க. தெற்குல ஒரு கறுப்பினப் பெண்ணை, அவங்களுக்கு அறுபது வயசானாலும், காலேஜ் நடத்தினாலும், மிஸஸ்னு மரியாதையாக் கூப்பிடற வழக்கமே கிடையாது, பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க இல்ல ஆன்ட்டின்னு பொதுவா. தலைமை தாங்கினவங்க அத்தனை பேர் முன்னாடி திருத்திக் கூப்பிட வேண்டியதாச்சு. மாநில டைரக்டர்கள்கிட்ட அவ்ளோ இனிமையாப் பேசறாங்களே, பணிஞ்சு போற ஆளோன்னு நினைக்கறவங்க இந்த ஒரு நிமிஷத்தைப் பார்க்கணும்.

விமர்சனம் இருக்கு, அதை மறைச்சா சரியில்ல. தெற்குல இளைஞர் நிர்வாகத்தோட பயிற்சி மையங்கள் பெரும்பாலும் இன வாரியாப் பிரிஞ்சுதான் நடந்துச்சு, பெத்தூன் அதை உடைக்கப் பார்க்காம, சரி, தனியாவே இருக்கட்டும், ஆனா பங்கு சமமா வரணும்னு வாங்கினாங்க. பேச்சுல ஒருங்கிணைப்பு, நடைமுறையில தனித்தனி, இது முரண்பாடுதானேன்னு ஆய்வாளர்கள் கேட்டிருக்காங்க. முரண்பாடுதான். ஆனா தெற்குல வெள்ளை மாநில டைரக்டர்கிட்ட ஒண்ணா உக்கார வைன்னு அடம் பிடிச்சிருந்தா மையமே வந்திருக்காது, அந்தப் பையன் பருத்திக் காட்டுலயே இருந்திருப்பான். நான் அவங்க பக்கம்தான் நிக்கறேன். அதோட, அவங்க எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி விட்டுக்கொடுக்கல, கறுப்பினத் தலைமை இருக்கற இடத்துல தனியா நடத்தறதையும், வாஷிங்டன்ல கொள்கை போடற மேஜையில கூட உக்காரறதையும் ஒரே நேரத்துல கேட்டாங்க.

1940க்கு அப்புறம் போர் வேலை வந்துச்சு. இளைஞர் நிர்வாகம் வெல்டிங், மெஷின் ஷாப்னு பாதுகாப்புத் தொழில் பயிற்சிக்கு மாறுச்சு. 1941ல பாதுகாப்புத் தொழிற்சாலைகள்ல இனப் பாகுபாடு கூடாதுன்னு ரூஸ்வெல்ட் உத்தரவு போட்டார், தொழிற்சங்கத் தலைவர் ஃபிலிப் ராண்டால்ஃப் வாஷிங்டனுக்குப் பேரணி வர்றோம்னு எச்சரிச்சதாலதான் அது வந்துச்சு. கதவு திறந்தா உள்ள போகத் தொழில் தெரிஞ்ச ஆள் வேணும்ல, அந்த ஆளுங்கள்ல பலர் இந்த மையங்கள்ல பழகினவங்க. 1939ல தொடங்கின அரசு விமானிப் பயிற்சியில டஸ்கீகி மாதிரி கறுப்பினக் கல்லூரிகளைச் சேர்க்கச் சொல்லி அழுத்தம் கொடுத்தவங்கள்ல பெத்தூனும் ஒருத்தர். 1942ல பெண்கள் ராணுவத் துணைப்படை வந்தப்போ கறுப்பின அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கவும் உதவினாங்க. அயோவாவுல டெ மொயின் கோட்டைக்குப் போன முதல் 440 பெண்கள்ல கிட்டத்தட்ட 40 பேர் கறுப்பினம். போய் இறங்கினதும் நிறமுள்ள பொண்ணுங்க எல்லாம் இந்தப் பக்கம் வாங்கன்னு பிரிச்சுட்டாங்கன்னு அதுல ஒருத்தரான சாரிட்டி ஆடம்ஸ் பின்னாடி எழுதினாங்க. அதே சாரிட்டி ஆடம்ஸ்தான் ஐரோப்பாவுல தபால் குவியலைப் பிரிச்ச 6888வது பட்டாலியனுக்குத் தளபதி ஆனவங்க.

இதுக்கு நடுவுல நாட்டுக்கு விரோதமானவங்க யாருன்னு விசாரிக்க நாடாளுமன்றத்துல இருந்த மார்ட்டின் டைஸோட குழு பெத்தூனைக் கம்யூனிஸ்ட்னு பேர் சொல்லி இழுத்துச்சு, ஆதாரம் ஒண்ணும் இல்லாம அது விழுந்துச்சு. ஆனா திட்டத்து மேலயே கை வச்சுட்டாங்க. வேலையில்லாத் திண்டாட்டம் போச்சு, இனி இது எதுக்குன்னு ஒரு காரணம், ஆப்ரி வில்லியம்ஸைப் பிடிக்காதது இன்னொரு காரணம், ரெண்டும் சேர்ந்து 1943ல நாடாளுமன்றம் நிதியை நிறுத்திருச்சு. மொத்தமா 45 லட்சத்துக்கும் மேல இளைஞர்கள் பயன் பெற்ற திட்டம், அதுல 3 லட்சத்துக்கும் மேல கறுப்பின இளைஞர்கள். அதோட மேற்படிப்பு நிதியும் போச்சு, மாநில ஆபீஸ்ல கஷ்டப்பட்டுப் போட வச்ச உதவியாளர்களும் போனாங்க. ஒரு சட்டமா நிக்காம ஒரு திட்டத்தை நம்பி இருந்த அதிகாரம், திட்டம் போனதும் கூடவே போயிருச்சு, இதுதான் இந்தக் கதையில எனக்கு ரொம்ப வலிக்கற இடம்.

வில்லியம்ஸை 1945ல ரூஸ்வெல்ட் வேற ஒரு பதவிக்கு நியமிச்சப்போ, இன விஷயத்துல அவர் எடுத்த நிலையைச் சொல்லிச் சொல்லியே எதிர்த்து செனட்ல தோற்கடிச்சாங்க. பெத்தூன் அதே வருஷம் ஐக்கிய நாடுகள் சபை உருவான சான் பிரான்சிஸ்கோ மாநாட்டுக்கு ஆலோசகராப் போனாங்க. வெள்ளிக்கிழமைக் கூட்டத்து ஹேஸ்டி அமெரிக்காவோட முதல் கறுப்பின மத்திய நீதிபதி. 1964ல ஏழை இளைஞர்களுக்கு ஜாப் கோர்னு ஒரு பயிற்சித் திட்டம் வந்துச்சு, கொண்டு வந்தவர் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன். 1966 ஜனவரியில வீட்டு வசதித் துறைக்கு ராபர்ட் வீவரை நியமிச்சு, நாட்டோட முதல் கறுப்பின அமைச்சரா ஆக்கினவரும் அவர்தான், டெக்சாஸ்ல ஒரு ஆலோசனைக் குழுவுல ஒரு கறுப்பின உறுப்பினரைப் போட முடியாதுன்னு சொன்ன அதே ஆளு. பெத்தூன் அதைப் பார்க்க இல்ல. 1955 மே 18ல டேடோனாவுல தன் வீட்டுலயே இறந்தாங்க, காலேஜ் வளாகத்துக்குள்ளயே அவங்களைப் புதைச்சாங்க.